சிவந்த தென்னைகள்: வான்வழி வண்ணப்படங்களும் அவற்றைக் கழுவிய இருட்டறைகளும்

தென்னையின் பச்சையைச் சிவப்பாகக் காட்டுகிற படச்சுருள் ஒன்று இருந்தது. 1970ஆம் ஆண்டு கேரளத்துத் தென்னந்தோப்புகளின் மேலே பறந்து, வாடல் நோயின் தடத்தை அந்தச் சுருளில் பதிவு செய்தார்கள். முன்னின்று செய்தவர் பி.ஆர். பிஷாரடி. 1909இல் கொல்லங்கோட்டில் பிறந்தவர், பெங்களூரில் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தவர். புணேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்துக்கு முதல் இயக்குநராக இருந்து, பின்பு விக்ரம் சாராபாயின் அழைப்பை ஏற்று அகமதாபாத் சென்றவர். தில்லியிலிருந்து இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இந்தப் பணியில் சேர்ந்துகொண்டனர். பறந்த ஊர்தி சோவியத் தயாரிப்பு, கருவிகள் அமெரிக்காவினுடையவை, தென்னை மலையாளத்தினுடையது. பனிப்போரின் நடுவில் இந்த மூன்றும் ஒரு தோப்பின் மேல் ஒன்றுகூடியதை என்னவென்று சொல்வது! இந்தியத் தொலையுணர்வு இயலின் வரலாற்றை எழுதுகிற எல்லோரும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

தொடங்கியவர்கள் உடனே செயற்கைக்கோளுக்குத் தாவிவிடுகிறார்கள் என்பதுதான் நமது குறை. வானூர்திக்கும் வரைபடத்துக்கும் இடையில் ஓர் இருட்டறை இருந்தது. அங்கே தொட்டிகள், வெப்பமானிகள், கைக்கடிகாரம் இல்லாமலே நொடிகளை எண்ணத் தெரிந்த மனிதர்கள் இருந்தார்கள். படத்தில் நாம் பார்க்கிற சிவப்பு தோப்பில் இருந்ததில்லை. அந்த அறையில்தான் அது உண்டானது. அறிவியல் வரலாறுகளில் அதற்கு ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை. தமிழில் நாம் இந்த வேலை முழுவதையும் ‘பிலிம் கழுவுவது’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம். பாத்திரம் கழுவுவதைப்போல, இருக்கிற அழுக்கைப் போக்கினால் உள்ளிருப்பது தெரிந்துவிடும் என்ற எண்ணத்தை அந்தச் சொல் தந்துவிடுகிறது. கறுப்பு வெள்ளைக்கு வேண்டுமானால் அது ஓரளவு பொருந்தலாம். வண்ணத்துக்குப் பொருந்தாது.

வானிலிருந்து படம் எடுக்கிற கலை, பிறந்த நாளிலேயே கழுவுகிற சிக்கலோடுதான் பிறந்தது. 1858இல் பாரிசுக்கு அருகில் பலூனில் ஏறிய நாடார் (பிரெஞ்சுக்காரர், நம் ஊர்ப் பெயரோடு ஒலியொப்புமை மட்டுமே உண்டு) தமது இருட்டறையைக் கூடையிலேயே தூக்கிக்கொண்டு போகவேண்டியிருந்தது. ஈரக் கொலோடியன் தகடு காய்வதற்குள் படமெடுத்துக் கழுவி முடித்தாக வேண்டும். முதல் முயற்சிகளில் தகடுகள் கறுத்துக் கறுத்து வந்தன. பலூனின் கழுத்து வழியே கசிந்த வாயு வேதிக்கலவையைக் கெடுத்துவந்ததைப் பிற்பாடுதான் அவர் கண்டுகொண்டார். ஆக, வானத்தில் ஒன்றும் பிழையில்லை, பிழை தொட்டியில்தான்.

பிஷாரடி குழுவினர் பயன்படுத்திய வகைச் சுருளுக்கு அகச்சிவப்பு வண்ணச்சுருள் என்று பெயர். இரண்டாம் உலகப்போரில் கோடாக் நிறுவனம் இதை உருவாக்கியது. வெட்டிய கிளைகளையும் பச்சைச் சாயம் பூசிய வலைகளையும் போர்த்தி மறைத்த பீரங்கிகளைக் கண்டுபிடிப்பது இதன் வேலை. உயிருள்ள இலை, கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளியை ஏராளமாகத் திருப்பி அனுப்புகிறது. இலையின் உட்புறத்தில் பஞ்சுபோல் அமைந்த திசுவே அதற்குக் காரணம். பச்சைச் சாயத்துக்கு அந்தக் குணம் கிடையாது; வெட்டிய கிளை வாட வாட அதை இழக்கிறது. கண்ணை ஏமாற்றுகிற பச்சை இந்தச் சுருளை ஏமாற்றாது. போர் முடிந்தபின், சாகும் கிளையைக் காட்டுகிற இதே கருவி நோயுற்ற பயிரையும் காட்டுமே என்று எண்ணியவர்களில் கலிபோர்னியாவின் ராபர்ட் கோல்வெல் முதன்மையானவர். தானியப் பயிர்களின் நோய்களை வான்படத்தில் இனங்காண்பது பற்றி 1956இல் அவர் எழுதிய கட்டுரை இந்தத் துறைக்கு அடிக்கல். பகைவனின் பீரங்கியைத் தேடிய கண் பதினான்கு ஆண்டுகள் கழித்து நம் பக்கத்துத் தென்னையை நலம் விசாரிக்க வந்து சேர்ந்தது.

சுருளின் உள்ளமைப்பைச் சற்றுப் பொறுமையோடு பார்ப்போம். பின்னால் வரப்போகிற சங்கடம் இதில்தான் ஒளிந்திருக்கிறது. சாதாரண வண்ணச்சுருளில் நீலம், பச்சை, சிவப்பு ஒளிகளுக்கென்று மூன்று படலங்கள் உண்டு. இதிலோ பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு என்று மூன்று. மூன்றுமே நீலத்துக்கும் மசியக்கூடியவை என்பதால், வில்லையின் முன்னே மஞ்சள் வடிகட்டி ஒன்றை மாட்டி நீலத்தை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். மூட்டமான நாளில் வானத்தின் நீல மங்கல் படத்தில் படியாதது அதனால் கிடைத்த கூடுதல் நன்மை. பச்சையைப் பதிந்த படலத்தில் மஞ்சள் சாயம் உண்டாகும். சிவப்பைப் பதிந்ததில் கருஞ்சிவப்புச் சாயம். அகச்சிவப்பைப் பதிந்ததில் நீலப்பச்சைச் சாயம். இது நேர்மறைச் சுருள். எந்தப் படலத்தில் ஒளி மிகுதியாக விழுந்ததோ அங்கே சாயம் குறைவாக உண்டாகும். நல்ல தென்னையிலிருந்து அகச்சிவப்பு வந்து குவிகிறது. ஆகவே நீலப்பச்சைச் சாயம் அங்கே இல்லாமல் போகிறது. எஞ்சுவன மஞ்சளும் கருஞ்சிவப்பும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்தால் பளீரென்ற சிவப்பு. நோயுற்ற மரத்தில் அகச்சிவப்பு குறையும். நீலப்பச்சைச் சாயம் உள்ளே நுழையும். சிவப்பு மங்கிப் பழுப்போடும்.

இந்தச் சாயங்கள் எவையும் படமெடுத்த கணத்தில் சுருளில் இருப்பதில்லை. முதல் டெவலப்பரில் கறுப்பு வெள்ளை நெகடிவ் ஒன்று பிறக்கிறது. ஒளிபடாமல் மீந்த வெள்ளி உப்பை அடுத்த கட்டத்தில் விழிக்கச் செய்து, வண்ண டெவலப்பரில் முக்கினால், வெள்ளி உருவாகும் இடத்திலெல்லாம் கூடவே சாயமும் உருவாகும். பிறகு பிளீச், பிறகு ஹைப்போ. வெள்ளி அத்தனையும் கரைந்து வெளியேற, சாயம் மட்டும் தங்குகிறது. வண்ணப்படம் என்பது வெள்ளி விட்டுச்சென்ற இடத்தில் குடியேறிய சாயம். கரைந்த வெள்ளி வீணாவதில்லை. பழைய ஹைப்போவிலிருந்து அதைப் பிரித்தெடுப்பது தனித் தொழிலாகவே நடந்துவந்தது.

வண்ண டெவலப்பருக்கு வேண்டிய வெப்பம், பின்னாளில் ஊர்தோறும் பரவிய லேப்களின் முறைப்படி, சுமார் 38 பாகை. மதுரைக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம்; சித்திரை வெயிலில் குழாயைத் திறந்தாலே அந்த நீர் வருமே என்று. சூடு எளிது, நிலை அரிது. அரைப் பாகை ஏறி இறங்கினாலும் மூன்று படலங்களும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். கறுப்பு வெள்ளைக் காலத்து ஸ்டுடியோக்காரர் தட்டைச் சுற்றிப் பனிக்கட்டி போட்டு 20 பாகைக்கு இறக்கிச் சமாளித்தார். அவருக்கு ஓரிரு பாகை தவறினால் படம் சற்றுக் கறுக்கும் அல்லது வெளிறும், அவ்வளவுதான். வண்ணத்தில் தவறினால் உலகமே நிறம் மாறிவிடும்.

வான்படச் சுருளோ நம் கல்யாண ஆல்பத்துச் சுருளைப் போன்றதன்று. அகலம் 24 சென்டிமீட்டர். நீளம் 60 மீட்டர், சிலபோது 120 மீட்டர். ஒவ்வொரு சட்டமும் 23 சென்டிமீட்டர் சதுரம். முழுநீளச் சுருளில் நானூறுக்கு மேற்பட்ட சட்டங்கள் அடங்கும். அடுத்தடுத்த படங்கள் 60 விழுக்காடு ஒன்றோடொன்று மேற்படும்படி எடுத்தால்தான் முப்பரிமாணக் கண்ணாடியில் மேடுபள்ளம் தெரியும். பறக்கத் தகுந்த மேகமற்ற நாளுக்காக வாரக்கணக்கில் காத்திருந்து எடுத்த ஒரு பகுதி முழுவதும் ஒரே சுருளில் இருக்கும். தொட்டிக்குள் இரண்டு உருளைகள். சுருளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சுற்றுவதும் திரும்பச் சுற்றுவதுமாக ஒவ்வொரு கலவையிலும் பல முறை. சுற்றும் வேகம் தடுமாறினால் குறுக்கே பட்டை விழும். அகச்சிவப்புச் சுருளென்றால் இன்னும் ஒரு தொல்லை. இயந்திரத்துக்குள் சுருள் சரியாக ஓடுகிறதா என்று அகச்சிவப்பு ஒளியால் வேவு பார்க்கும் ஏற்பாடு சில கழுவும் இயந்திரங்களில் உண்டு. மற்றச் சுருள்களுக்குத் தீங்கற்ற அந்த ஒளி இதைப் புகைமூட்டமாக்கிவிடும். முழு இருட்டு வேண்டும்; உறைகுளிரில் வைத்துக் காத்த சுருளாக வேண்டும். நேர்மறைச் சுருள் என்பதால் எல்லாம் ஒற்றைப் பிரதி. கெட்டால் மறுபடியும் பறக்க வேண்டியதுதான்.

இப்போது அந்தச் சங்கடத்துக்கு வருவோம். மங்கிய சிவப்பில் ஒரு தென்னை தெரிகிறது. நோயா, தொட்டி சூடேறியதா? இரண்டும் ஒரே நிறத்தைத் தரக்கூடியவை. வரைபடத்துக்குப் படமெடுக்கும் கருவியின் 152 மில்லிமீட்டர் வில்லையோடு 1,520 மீட்டர் உயரத்தில் பறந்தால் படத்தின் அளவுகோல் 1:10,000. எட்டு மீட்டர் விரிந்த தென்னங்கொண்டை அங்கே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த புள்ளி. அந்தப் புள்ளியின் சாயத்தை நம்பி ஒருவனின் தோப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவேண்டும். தரையில் கண்ணுக்குப் புலப்படுமுன்பே நோயைக் காட்டிய சோதனையென்றுதான் 1970ஆம் ஆண்டுப் பறப்பு இன்றும் நினைவுகூரப்படுகிறது. அந்தப் புகழின் பாதி கழுவியவர்களைச் சேரவேண்டும் என்று நாம் கருதுவது இதனால்தான்.

இதற்குத் தொழிலறிந்தவர்கள் இரண்டு காவல் வைத்திருந்தார்கள். ஒன்று, சுருளின் முனையில் கணக்கிட்ட ஒளியைப் பாய்ச்சிப் பதிவு செய்கிற சாம்பல் படிகள். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஏணிப்படிபோல் இறங்கும் பட்டை அது. கழுவி முடித்ததும் அந்தப் படிகளில் நிறக்கலப்பு ஏதும் தென்பட்டால் குற்றம் தொட்டியினுடையது. மற்றொன்று, ஒரு மரத்தைத் தனியாகப் பார்க்காமல் அதே சட்டத்தில் உள்ள அண்டை மரத்தோடு ஒப்பிடுவது. தொட்டி தவறினால் தோப்பு முழுவதும் மங்கும்; நோயானால் சில மரங்கள் மட்டும் மங்கும். பிறகு தோப்புக்கே நடந்துபோய் மரத்தடியில் நின்று சரிபார்ப்பது. முதல் காவல் வேதியியல், இரண்டாவது நமது பாட்டிமார் அரிசியில் கல் பொறுக்கிய முறை.

பிரிண்ட் போடுவது இன்னொரு கண்டம். வான்படத்தில் நடுப்பகுதி வெளிச்சமாகவும் ஓரங்கள் இருண்டும் வருவது வில்லையின் இயல்பு. பறக்கும் கோட்டுக்கு ஒரு பக்கம் வெயிலைப் பார்த்தும் மறுபக்கம் நிழலைப் பார்த்தும் இருப்பதால் சாய்வு வேறு. கறுப்பு வெள்ளையில் இதைச் சமன்செய்ய, நெகடிவின் அடர்த்தியை அளந்துகொண்டே தன் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் மின்னணு அச்சுக் கருவிகள் வந்திருந்தன. வண்ணத்தில் வெளிச்சத்தைச் சமன்செய்யப் போனால் நிறம் ஓடிவிடும் அபாயம். மஞ்சள், கருஞ்சிவப்பு, நீலப்பச்சை வடிகட்டிகளை மாற்றி மாற்றி, தாளின் ஓரத்துண்டுகளில் சோதித்து, ஈரமாக ஒரு நிறமும் உலர்ந்தபின் ஒரு நிறமும் காட்டுகிற தாளோடு மல்லாடவேண்டும். ஒரு பறப்புக்கோட்டுப் படங்கள் காலையிலும் அடுத்த கோடு நண்பகலிலும் எடுக்கப்பட்டிருந்தால், இரண்டையும் அருகருகே ஒட்டும்போது ஒரே வயல் பாதி செம்மையும் பாதி ஊதாவுமாக நிற்கும். ஆகவே நுணுக்கமான ஆய்வுக்குத் தாளை நம்பாமல், கழுவிய சுருளையே ஒளிமேசையில் விரித்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. தாள்பிரதி களத்துக்கு எடுத்துச்செல்ல.

தமிழர்களுக்கு வண்ணம் கழுவுகிற கவலை அதற்கு முன்பே திரைப்படத்தால் அறிமுகமாகியிருந்தது. 1956இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் கேவாகலரில் எடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ முதல் முழுநீளத் தமிழ் வண்ணப்படம். 1959இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ கேவாகலரில் எடுக்கப்பட்டு, டெக்னிகலர் பிரதிகளுக்காக லண்டன் போயிற்று. வெள்ளையனை எதிர்த்த பாளையக்காரனுக்குச் சாயமேற்றியது அந்த வெள்ளையனின் தலைநகரம்! பிற்பாடு சென்னையிலேயே ஜெமினி, விஜயா, பிரசாத் என்று வண்ண லேப்கள் எழுந்தன. சுருள் தயாரிப்புக்கென 1960இல் அமைந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் உதகையின் குளிரையும் தூசியற்ற காற்றையும் நம்பி அங்கே நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. ‘இந்து’ என்ற பெயரில் அது நாடெங்கும் அறியப்பட்டது கறுப்பு வெள்ளைச் சுருளாலும் எக்ஸ்ரே படலத்தாலும்தான். வான்வழி அகச்சிவப்பு வண்ணச்சுருளுக்குக் கடைசிவரை கடல்கடந்துதான் கையேந்தவேண்டியிருந்தது.

இந்தச் சுருளில் நமது கப்பலூர் எப்படித் தெரிந்திருக்கும்? கடலே எட்டிப்பாராத ஊருக்குப் பெயரில் மட்டும் கப்பல். திருப்பரங்குன்றத்துக்கும் திருமங்கலத்துக்கும் நடுவில், மதுரைச் சமவெளி மெல்லக் கரிசலாக மாறத் தொடங்குகிற இடம் இது. மார்கழி கழிந்து தை பிறந்ததும், வடகிழக்குப் பருவமழை கழுவிவிட்ட வானத்தில், ஒருவர் இந்தச் சுருளோடு பறந்திருந்தால்: தென்கால், நிலையூர்க் கண்மாய்கள் தெளிந்த நீரோடிருக்குமிடத்தில் மைக்கறுப்பு, கலங்கலான ஓரத்தில் வெளிர்நீலம். அறுவடைக்கு நிற்காத நெல் செக்கச்செவேல். அறுத்த வயல் நீலச்சாம்பல். கண்மாய்க் கரையில் முண்டியடிக்கும் சீமைக் கருவேலம் வறண்ட சித்திரையிலும் சிவப்பு மாறாதது. பரங்குன்றத்துப் பாறை நீலம் தோய்ந்த வெளுப்பு. அதன் இடுக்கிலுள்ள மரங்கள் இரத்தத்துளிகள். வைகையின் மணல் வெள்ளை. பஞ்சாலைக் கூரைகளும் தொழிற்பேட்டையும் நீலக் கட்டங்கள். கண்மாய் எங்கே முடிந்தது, வயல் எங்கே தொடங்கியது என்பதை இத்தனை துல்லியமாகப் பிரித்துக்காட்டும் வேறு படம் அந்நாளில் இல்லை. நீரும் இலையும் இந்தச் சுருளில் ஒருபோதும் குழம்புவதில்லை. நகரம் விழுங்கிய கண்மாய்களின் எல்லைக்காக இன்று வழக்காடுகிறவர்களுக்கு அப்படியொரு படத்தின் விலை தெரியும்.

ஆனால் வான்படம் இந்நாட்டில் பொதுமக்கள் கையில் கிடைக்கிற பொருளாக இருந்ததில்லை. எடுப்பதற்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் இசைவு வேண்டும். எடுத்த சுருளுக்குக் காப்புநிலை முத்திரை விழும். பிரதி யார் கைக்குப் போகிறது என்பதற்குக் கணக்கு உண்டு. 2005இன் தேசிய வரைபடக் கொள்கை சற்றே தளர்த்தியது. 2021 பிப்ரவரியில் வந்த புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள்தாம் கதவைப் பெரிதாகத் திறந்தன. இதற்கிடையில் ஒரு வேடிக்கை நடந்தது. 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுக்கோளான கொரோனா உலகைச் சுருள்சுருளாகப் படமெடுத்து, சுருளைப் பேழையில் வைத்துக் கீழே தள்ள, வானூர்திகள் அதை நடுவானில் கொக்கியிட்டுப் பிடித்தன. கழுவியது கோடாக். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தப் படங்களை 1995இல் அமெரிக்கா பொதுவில் வைத்துவிட்டது. சொந்த நாட்டுச் சுருள் பூட்டிக்கிடக்க, வேவு பார்த்தவனின் சுருள் நமக்குப் பழைய நிலத்தைக் காட்டுகிறது, அதுவும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்.

காயங்களை ஆற்றுவதுபோல் நிறுவனங்களும் வளர்ந்தன. 1966இல் டச்சு உதவியோடு தேராதூனில் வான்படப் பொருளறி நிறுவனம். 1974-75இல் அனந்தப்பூர், பாட்டியாலா மாவட்டங்களின் பயிர்க்கணக்குக்காக அகச்சிவப்பு வண்ணப் பறப்பு. அதே ஆண்டுகளில் ஐதராபாத்தில் தேசியத் தொலையுணர்வு முகமை. 1972இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் கோளில் சுருளே இல்லை. வெறும் எண்களை அனுப்பியது. எண்ணுக்கு எந்த நிறத்தையும் கொடுக்கலாம். இருந்தும் பயிருக்குச் சிவப்பையே கொடுத்தார்கள். கோடாக்கின் சாயத்துக்குப் பழகிய கண்கள் வேறொன்றை ஏற்கவில்லை. 1988இல் ஏறிய நம் ஐ.ஆர்.எஸ். 1ஏ கோளின் படங்களும் அந்த மரபிலேயே அச்சாயின. இன்றைக்கும் புவியியல் மாணவர் பயிர் என்றால் சிவப்பு என்று பாடம் செய்கிறார். போர்க்கால இருட்டறை ஒன்றின் வேதிவசதி என்பதை அவருக்குச் சொல்வார் குறைவு.

சுருளின் காலம் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளோடு முடிந்தது. மீந்திருந்த ஏரோகுரோம் சுருள்களைத் தேடி வாங்கி, ஐரிஷ் படக்கலைஞர் ரிச்சர்டு மோஸ் கிழக்குக் காங்கோவின் போரைச் செந்நிறக் காடுகளுக்குள் பதிவு செய்து 2013இல் வெனிஸ் கலைவிழாவில் வைத்தார். அதற்குப் பிறகு சுருள் ஓர் அருங்காட்சிப் பொருள். நோயோ முடியவில்லை. 1882 வெள்ளத்துக்குப்பின் ஈராற்றுப்பேட்டையில் தலைகாட்டியதாகச் சொல்லப்படும் அந்த வாடல், மலையைத் தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்குக்கும் பொள்ளாச்சிக்கும் வந்துவிட்டது. நம் உழவர்கள் அதைக் கேரள வாடல் என்கிறார்கள். பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரால் வருவது என்பது 1980களில்தான் துலங்கியது. 1970இல் மேலே பறந்தவர்கள் காரணம் அறியாத ஒரு நோயின் நிழலைத்தான் படமெடுத்தார்கள்.

அந்நாளைய சுருள்களில் தங்கியிருப்பது சாயம் மட்டுமே; வெள்ளி எப்போதோ போயிற்று. சாயம் இருட்டில் வைத்தாலும் வெளிறும். பழைய திரைப்படப் பிரதிகள் செம்மை படர்ந்து ஓடியதைக் கொட்டகைகளில் நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். மஞ்சள் சாயம் முதலில் வெளிறினால் நல்ல தென்னையின் பளீர்ச் சிவப்பு ஊதாவாகி, ஐம்பது ஆண்டுகளுக்குமுன் நலமாக நின்ற மரம் படத்தில் இன்று நோயாளியாகத் தெரியும். கணினியில் ஏற்றும்போது தென்னையை மட்டும் பார்த்து நிறத்தைத் திருத்துகிறவர் எந்தத் தென்னையையும் குணமாக்கிவிடலாம், எதையும் வாடவைத்துவிடலாம். சுருளின் முனையில் இருக்கிற அந்தச் சாம்பல் படிகளையும் சேர்த்து நகலெடுத்தால்தான் சாயம் எவ்வளவு இறங்கியது என்று கணக்கிட முடியும். சட்டம் சட்டமாக வெட்டி உறையிலிடும்போது, படமேதும் இல்லாத வெறும் வால் என்று முதலில் கத்தரிக்கத் தோன்றுவதும் அந்தத் துண்டைத்தான்.